பார்க்காத கட்டம்

ஓசூரிலிருந்து எந்தத் திசையில் கிளம்பினாலும் கடலைப் பார்க்க ஒரு பகல் ஆகும். அப்படியிருந்தும் நாங்கள் குடியிருந்த மாடியில் கடல் தண்ணீர் இருந்தது. மூன்றடி நீளக் கண்ணாடித் தொட்டி, நூற்றைம்பது லிட்டர், லிட்டருக்கு முப்பத்தைந்து கிராம் உப்பு, இருபத்தாறு டிகிரி வெப்பம். அதற்குள் ஆரஞ்சு உடம்பில் மூன்று வெள்ளைப் பட்டைகளோடு இரண்டு கோமாளி மீன்கள்.

அதை வைத்திருந்தவர் என் எதிர்வீட்டு அக்கா. ஒரே மாடியில் எதிரெதிர் வாசல். அவரும் அவருடைய அம்மாவும் இரண்டு அறை வீட்டில். நான் ஒற்றை அறையில். வேலையும் ஒரே தொழிற்சாலையில்தான். வண்டி உதிரிபாகங்களுக்குத் துத்தநாக முலாம் பூசும் பிரிவு. டிப்ளமோ முடித்துவிட்டுப் பத்து வருடமாக அவர் அங்கே முலாம் தொட்டிகளின் ஆய்வகத்தில் இருந்தார். நான் பர்கூரில் பொறியியல் படித்துவிட்டு வந்து, ஒன்றரை வருடத்தில் அவருக்கு மேலதிகாரியாக உட்கார்ந்தவள். காலையில் ஷேர் ஆட்டோவில் "ஏ புள்ள, நகந்து உக்காரு" என்பவர், கம்பெனி கேட்டைத் தாண்டியதும் "குட் மார்னிங் மேடம்" என்பார். இரண்டையும் ஒரே முகத்தோடு சொல்வார்.

எனக்குப் பட்டியல் போடும் பழக்கம் உண்டு. அவரைப் பற்றிப் போட்டால் இப்படி வரும். ஒன்று, வாட்ச் வலது கையில். இரண்டு, யார் எதைச் சொன்னாலும் "நீ பார்த்தியா?" என்று கேட்பார். மூன்று, நோட்டு. மூன்றாவதைப் பற்றித்தான் நிறையச் சொல்ல வேண்டும்.

நீளவாக்கில் கட்டம் போட்ட தடித்த நோட்டு அது. தினம் இரண்டு வரி. காலை, மாலை. தண்ணீரின் வெப்பம், உப்பு, அம்மோனியா, மீன் சாப்பிட்டதா, குறிப்பு. சில நாட்களில் சில கட்டங்கள் காலியாக இருக்கும். முதல் தடவை அதைப் புரட்டியபோது, இவ்வளவு சுத்தமான கையெழுத்தில் இத்தனை ஓட்டையா என்று எனக்குத் தோன்றியது. கேட்டேன்.

"அன்னிக்கு அம்மாக்குக் காய்ச்சல். ஆஸ்பத்திரில இருந்தேன். பார்க்கல."

"முந்தின நாளும் இருபத்தாறு, அடுத்த நாளும் இருபத்தாறு. அன்னைக்கும் அதேதானே இருந்திருக்கும்?"

"இருந்திருக்கும்ங்கறது வேற, இருந்துச்சுங்கறது வேற. பார்க்கலன்னா காலியா வுடணும். நாளைக்கி எனக்கே ஒரு சந்தேகம் வந்தா, இந்த நோட்டு என்கிட்டப் பொய் சொல்லக்கூடாதில்ல?"

உள்ளேயிருந்து அவருடைய அம்மா குரல் கொடுத்தார். "டீல சர்க்கரை போட்டியாடின்னு கேட்டாக்கூட, இரு, குடிச்சிப் பார்த்துட்டு சொல்றேம்பா. இவளைக் கட்டிக்கப் போறவன் பாவம்."

"அதான் யாரும் மாட்டலையேம்மா" என்றார் அக்கா, தொட்டியிலிருந்து கண்ணை எடுக்காமல்.

அவர் மீன் வளர்க்க வந்த கதையும் இந்தக் குணத்தில்தான் தொடங்குகிறது. பெங்களூரில் ஒரு பெரிய கடை வளாகத்தின் வாசலில் கண்ணாடித் தொட்டியில் கோமாளி மீன்களைப் பார்த்திருக்கிறார். அங்கே நின்ற பையனிடம் தண்ணீரில் உப்பு எவ்வளவு என்று கேட்டிருக்கிறார். "எல்லாம் கரெக்டா இருக்கு மேடம்." "கரெக்ட்னா எவ்ளோ?" பையனுக்குத் தெரியவில்லை. வீட்டுக்கு வரும் வழியெல்லாம் அது அவருக்கு அரித்துக்கொண்டே இருந்ததாம். எல்லோரும் முதலில் மீன் வாங்குவார்கள், பிறகு தொட்டி, மீன் செத்த பிறகு கருவி. இவர் முதலில் வாங்கியது உப்பளக்கும் கருவியை. ஒரு சொட்டுத் தண்ணீரை அதன் கண்ணாடியில் விட்டு, வெளிச்சத்தின் பக்கம் திருப்பி, ஒற்றைக் கண்ணால் அளவைப் படிக்க வேண்டும். அடுத்து தொட்டி. ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீர் உதவாது என்பதால், வடிகட்டிய தண்ணீரில் கடலுப்புத் தூளைக் கரைத்து நிரப்பினார். அப்புறம் மூன்று மாதம், மீன் இல்லாமல், வெறும் உப்புத் தண்ணீரை அளந்து எழுதினார்.

அந்த மூன்று மாதமும் தெருவே வேடிக்கை பார்த்தது. கீழ் வீட்டில் இருந்த வீட்டுக்காரர் கன்னடக்காரர். பாதித் தமிழும் பாதிக் கன்னடமும் கலந்துதான் பேசுவார். தளம் உப்பால் அரித்துவிடுமோ என்ற பயத்தில் வாரத்துக்கு ஒரு தடவை மாடியேறி வருவார்.

"ஏனம்மா, மீனு எல்லி?"

"இன்னும் வாங்கல சார்."

"பரீ நீரா? வெறும் தண்ணிக்கா லைட்டு, ஃபேனு, மோட்டாரு எல்லாம்? எங்க வீட்ல மனுஷனுக்கே இத்தனை இல்லம்மா."

மீன் வந்த பிறகு அவரே மாறிப்போனார். ஜோடியில் பெரியது பெண், சின்னது ஆண். இந்த வகையில் எல்லாமே ஆணாகத்தான் பிறக்கும், கூட்டத்தில் பெரியது பெண்ணாக மாறும் என்று அக்கா சொன்னதும் வீட்டுக்காரர் தன் மனைவியைக் கூட்டிவந்து காட்டினார். "நோடு, இதுலயும் நீதான் பெருசு" என்றார். அந்த அம்மா சிரிக்கவில்லை. நாங்கள் சிரித்தோம்.

சாய்த்து வைத்த மண் பூந்தொட்டியின் உட்புறத்தில் பெண் மீன் முட்டையிடும். ஆண் மீன் ஒரு வாரத்துக்கு மேல் துடுப்பால் விசிறிக்கொண்டே காவல் காக்கும். ஆரஞ்சு நிறத்தில் இருக்கும் முட்டைகள் வெள்ளிபோல மின்ன ஆரம்பித்தால், அன்றோ மறுநாளோ விளக்கணைந்த இருட்டில் பொரியும். அக்கா தன் ஷிஃப்டுக்கு ஏற்றபடி தொட்டியின் விளக்கு சாயங்காலம் ஆறு மணிக்கே அணையும்படி வைத்திருந்தார். எட்டு மணிக்குள் குஞ்சுகள் வந்துவிடும். கண்ணிமை முடியை நறுக்கித் தூவியதுபோல இருக்கும். பெற்றவையே அவற்றைத் தின்றுவிடும் என்பதால், கறுப்புத் தாள் சுற்றிய தனித் தொட்டிக்கு மாற்றி, கண்ணுக்குத் தெரியாத அளவு சின்னப் பூச்சிகளைத் தனியாக வளர்த்து இரையாகப் போட வேண்டும். எட்டாம் நாளிலிருந்து பன்னிரண்டாம் நாளுக்குள் முதல் வெள்ளைப் பட்டை தெரிய ஆரம்பிக்கும். தெரிந்தால் பிழைத்தது.

ஏழு முறை அவருக்குப் பிழைக்கவில்லை. ஏழுக்கும் நோட்டில் பக்கங்கள் இருந்தன. "இரை செத்தது." "மின்சாரம் நாலு மணி நேரம் இல்லை." மூன்று பக்கங்களில் காரணம் என்ற இடத்தில் ஒரே சொல்: "தெரியாது." மீன் வாங்கிய கடைக்காரர், மேட்டு நிலத்தில் இதெல்லாம் நடக்காது, கடலோரத்துப் பண்ணைகள் செய்கிற வேலை என்று சொல்லிவிட்டார். அக்கா அதற்கும், "நீங்க செஞ்சி பார்த்தீங்களா?" என்று கேட்டுவிட்டு வந்தார். ஒரே ஒரு ஈட்டுக் குஞ்சுகளையாவது பட்டை வரும்வரை வளர்த்துக் காட்ட வேண்டும். அவர் வேண்டியது அவ்வளவுதான். அதைப் பற்றி அவர் அதிகம் பேசியதில்லை. ஆனால் எட்டாவது முறை முட்டை வெள்ளியாக மின்னிய அன்று ஆட்டோவில் நகர்ந்து உட்காரு என்றுகூடச் சொல்லவில்லை.

இங்கே நான் தொழிற்சாலையில் நடந்த ஒன்றைச் சொல்லியாக வேண்டும். எனக்குப் பெருமை தராத விஷயம்.

முலாம் பூசும் இடத்தில் ஒவ்வொரு தொட்டிக்கும் ஒரு தாள் தொங்கும். இரண்டு மணிக்கு ஒரு தடவை வெப்பத்தையும் அமிலத்தன்மையையும் அளந்து எழுத வேண்டும். எங்கள் பிரிவில் பலரும் ஷிஃப்ட் தொடங்கும்போதே நாலைந்து கட்டங்களை நிரப்பிவிடுவார்கள். அதற்கு 'அட்வான்ஸ் போடுறது' என்று பெயர். எல்லோருக்கும் தெரியும், யாரும் சத்தமாகச் சொல்ல மாட்டார்கள். எண் எப்போதும் ஒன்றேதான் வருகிறது, எதற்காக ஓடி ஓடி அளப்பது?

நான் பொறுப்புக்கு வந்த புதிதில், நாலாம் எண் தொட்டியின் தாளில் நாலு மணிக் கட்டம் காலியாக இருந்தது. அந்த நேரத்தில் ஒரு தொழிலாளியின் கையில் அமிலம் தெறித்து, அக்காதான் அவரை முதலுதவி அறைக்குக் கூட்டிப்போயிருந்தார்.

"ரெண்டு மணிக்கும் அஞ்சு புள்ளி ரெண்டு, ஆறு மணிக்கும் அஞ்சு புள்ளி ரெண்டு. நடுவுல வேற என்ன இருந்திருக்கும்? போட்டுடுங்களேன்" என்றேன்.

"நாலு மணிக்கு நீங்க பார்த்தீங்களா மேடம்?"

"இல்ல."

"நானும் பார்க்கல. அப்பறம் யாரு பார்த்ததை எழுதறது?"

மேலிடத்திலிருந்து கேள்வி வந்தது. நான் மெமோ எழுதினேன், பதிவேடு முழுமையாக நிரப்பப்படவில்லை என்று. அக்கா அதை நின்றபடியே படித்து, கையெழுத்துப் போட்டு, பக்கத்தில் வாங்கிய நேரத்தையும் எழுதினார்: காலை ஒன்பது நாற்பது. அன்று சாயங்காலம் ஆட்டோவில், "ஏ புள்ள, நகந்து உக்காரு" என்றார். நான் நகர்ந்தேன்.

எட்டாவது ஈடு டிசம்பரில் பொரிந்தது. அதுவரை வந்ததிலேயே அதிகமான குஞ்சுகள். நாலாம் நாள் அவருடைய தங்கைக்குக் கிருஷ்ணகிரியில் வலியெடுத்தது. அம்மாவைக் கூட்டிக்கொண்டு அவர் போயே ஆக வேண்டும். சாவியை என் கையில் கொடுத்தார். ஒரு சாவியைக் கீழேயும் கொடுத்து வைத்தார்.

"எழுதி வெச்சிருக்கேன், உனக்குப் புடிச்ச மாதிரி ஒண்ணு, ரெண்டு, மூணு போட்டு. காலைல ஒரு தடவை, சாயங்காலம் ஒரு தடவை. இரை போடு, அளந்து எழுது, போட்டோ எடுத்து அனுப்பு. மூணே நாளு."

முதல் நாள் சரியாகச் செய்தேன். இருபத்தாறு, முப்பத்தைந்து, பூஜ்யம். சாயங்காலமும் அதேதான். மறுநாள் தொழிற்சாலையில் வாடிக்கையாளர் தணிக்கை. விடியும்போதே கிளம்ப வேண்டும். ஓசூரில் டிசம்பர் விடியல் எப்படிக் குளிரும் என்று அங்கே இருந்தவர்களுக்குத் தெரியும். போர்வையோடு போய், கறுப்புத் தொட்டியில் இரையை ஊற்றி, நோட்டைத் திறந்து எழுதினேன். இருபத்தாறு, முப்பத்தைந்து, பூஜ்யம். திரும்பி வர நேரமாகும், களைப்பாக இருக்கும் என்று யோசித்து, அதற்குக் கீழே சாயங்கால வரியையும் எழுதினேன். இருபத்தாறு, முப்பத்தைந்து, பூஜ்யம். தண்ணீரில் நான் எதையும் நனைக்கவில்லை. போட்டோ எடுத்து, ஆட்டோவில் போகும்போது அனுப்பினேன்.

பத்து மணிக்கு, தணிக்கைக்காரர்கள் டீ குடித்துக்கொண்டிருந்தபோது அழைத்தார்.

"தங்கச்சிக்குப் பொண்ணு பொறந்துருக்கு."

"சந்தோஷம்க்கா!"

"ம். ஏ புள்ள, இன்னிக்கு சாயங்காலம் தண்ணி இருபத்தாறு இருக்கும்னு காலைலயே சொல்லிட்டியே. அப்படியே மழை வருமான்னும் சொல்லு, கொழந்தைத் துணி காயப்போடணும்."

எனக்குக் காது சூடாகியது.

அவர் குரலை உயர்த்தவில்லை. "காலைலது?"

"பார்க்கலக்கா."

"சரி. இப்ப யாரு பார்க்கறது?"

அவரே கீழ் வீட்டுக்காரருக்குப் போன் போட்டு என்னையும் இணைத்தார். வீட்டுக்காரர் மூச்சு வாங்க மாடியேறும் சத்தம் கேட்டது. கதவு திறந்தது. "இருமா, கண்ணாடி போடல... இப்பத்து... இருபத்தி ஒண்ணும்மா."

"இன்னொரு தடவை பாருங்க சார்."

"இருபத்தி ஒண்ணே. இதுல சிவப்பு லைட்டு எரியணுமா? எரியல."

ஹீட்டர் நின்றுபோயிருந்தது. எப்போது நின்றது என்று சொல்ல ஒரே ஒரு கட்டம் இருந்தது. அதில் நான் இருபத்தாறு என்று எழுதியிருந்தேன்.

தணிக்கையின் நடுவில் அனுமதி கேட்டு வெளியே வந்தேன். மேலாளர் என்னைப் பார்த்த பார்வை இன்னும் நினைவிருக்கிறது. வீட்டில் மீனுக்கு உடம்பு சரியில்லை என்று சொல்ல முடியாது. அவசரம் என்று மட்டும் சொன்னேன். போன் வழியாக அக்கா சொல்லச் சொல்லச் செய்தேன். வெந்நீரை நேராக ஊற்றாதே. பாட்டிலில் வெந்நீர் பிடித்து, மூடி இறுக்கி, தொட்டியில் மிதக்கவிடு. ஒரு மணிக்கு ஒரு டிகிரிக்கு மேல் ஏறக்கூடாது. பெரிய தொட்டியில் இருக்கும் இரண்டு ஹீட்டரில் ஒன்றைக் கழற்றி இங்கே போடு. ஒவ்வொரு கால் மணிக்கும் அளந்து எழுது. வீட்டுக்காரரின் மனைவி அடுப்பில் தண்ணீர் காய்ச்சிக் கொடுத்தார். வீட்டுக்காரர் படியில் ஏறி ஏறிக் கொண்டுவந்தார். "நானும் இங்க ஷிஃப்டு பார்க்கறேன்னு உன் மேனேஜர்கிட்ட சொல்லும்மா, எனக்கும் சம்பளம் போடட்டும்" என்றார்.

ஒரு மணி வாக்கில் அக்கா பஸ் பிடித்து வந்துவிட்டார். தோளில் பை, கையில் ஆஸ்பத்திரி ஃபிளாஸ்க். குழந்தையைப் பார்த்தது மொத்தமே ஏழு மணி நேரம். செருப்பைக் கழற்றிவிட்டு நேராகத் தெர்மாமீட்டரைப் பார்த்தார். இருபத்துமூன்றரை. என் கால்மணி எண்களை விரலால் தொட்டுத் தொட்டுப் படித்தார். அதன் பிறகு மெல்லிய குழாயால் அடியில் கிடந்த வெள்ளை வெள்ளையான குஞ்சுகளை உறிஞ்சி, எவர்சில்வர் தட்டில் விட்டு, ஊசி நுனியால் நகர்த்தி எண்ணினார். அவர் எண்ணி முடிக்கும்வரை நான் நின்றுகொண்டே இருந்தேன். எண்பத்து மூன்று.

எண்பத்து மூன்று என்று எழுதினார். காரணம்: ஹீட்டர் நின்றது. நின்ற நேரம் என்ற இடத்தில் பேனா கொஞ்சம் நின்றது, பிறகு எதுவும் எழுதாமல் தாண்டியது.

நான் என் இரண்டு வரிகளை அடிக்கப் பேனாவை எடுத்தேன். கையைப் பிடித்துக்கொண்டார்.

"அடிக்காத. அது இருக்கட்டும். பக்கத்துல எழுது."

"என்னன்னு?"

"நடந்ததை."

"பார்க்காமல் எழுதியது" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். அவர் திட்டியிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். "சாப்டியா?" என்று கேட்டார். ஃபிளாஸ்கில் மிச்சமிருந்த டீயை இரண்டு டம்ளரில் ஊற்றினார்.

அந்த வாரமே அந்த மெமோவைத் திரும்பப் பெற்றுக்கொண்டேன் என்று எழுத ஆசையாக இருக்கிறது. பெறவில்லை. அதற்கு வழி இருந்ததா என்றும் நான் கேட்டுப் பார்க்கவில்லை. அது அவருடைய கோப்பில்தான் இருந்திருக்கும். நான் செய்தது ஒன்றுதான். மறுநாள் நாலு தொட்டிகளின் தாள்களையும் நானே இரண்டு மணிக்கு ஒரு தடவை போய்ப் பார்த்தேன். பத்து மணிக் கட்டத்தை எட்டு மணிக்கே நிரப்பியிருந்த ஒருவரிடம், "பத்து மணிக்கு நான் வரேன், சேர்ந்து பார்ப்போம்" என்றேன். மூன்றாவது வாரத்திலிருந்து என்னைப் பார்த்தாலே, "மீன்கார மேடம் வராங்க டோய்" என்பார்கள்.

குஞ்சுகள் பொரிந்த பத்தாம் நாள் காலை அக்கா என் கதவைத் தட்டினார். கையில் டார்ச். கூட்டிப்போய்க் கறுப்புத் தொட்டியின் ஓரத்தில் வெளிச்சம் காட்டினார். அரிசிமணி அளவில் ஒன்று, கண்ணுக்குப் பின்னால் சுண்ணாம்பு தொட்டதுபோல ஒரு கோடு. நான் பார்த்துவிட்டு அவரைப் பார்த்தேன்.

"நீ சொல்லு" என்றார்.

"பட்டைக்கா."

"நல்லாப் பார்த்தியா?"

"பார்த்தேன்."

அதற்கப்புறம்தான் எழுதினார்.

மொத்தம் முப்பத்தேழு பிழைத்தன. பட்டை தெரிந்த அன்று சாயங்காலம் எங்கள் படிக்கட்டில் கால் வைக்க இடமில்லாமல் செருப்புகள். வீட்டுக்காரர் வாசலில் நின்று தமிழில் ஒரு தடவை, கன்னடத்தில் ஒரு தடவை, தெருவுக்கு அந்தப் பக்கத்து வீட்டாருக்காகத் தெலுங்கில் ஒரு தடவை அறிவித்தார்: "நம்ம வீட்டுல பொறந்த மீனு! கடல்ல இல்ல, இங்க பொறந்தது!" கிருஷ்ணகிரியிலிருந்து வந்திருந்த அக்காவின் அம்மா எல்லோருக்கும் சேமியா பாயசம் கொடுத்தார். "ரெண்டாவது பேரப்புள்ள" என்றார், தொட்டியைக் காட்டி. அக்கா சுவரோரமாக, வலது கை வாட்சைத் திருகியபடி நின்றார். அவ்வளவு நிமிர்ந்து அவர் நின்று நான் பார்த்ததில்லை. உயரமானவர் என்பதே அன்றுதான் தெரிந்தது.

நாலு மாதம் கழித்து, நடக்காது என்று சொன்ன அதே கடைக்காரர் மீன் வாங்க வந்தார். குஞ்சுகள் ஓர் அங்குலம் வளர்ந்து, மூன்று பட்டையும் போட்டுக்கொண்டு, பெரிய மீன்களின் சின்ன அச்சுகளாகத் திரிந்தன.

"பொரிச்சது எத்தனை மேடம்?"

"எண்ணல."

"ஒரு ஐநூறு இருக்குமா? ஐநூறுன்னு சொன்னா கடைல போர்டு வைக்க நல்லாருக்கும்."

"எண்ணலைங்க. செத்ததுல எண்ணினது எண்பத்து மூணு. பொழைச்சது முப்பத்தேழு. அதைப் போர்டுல போடுங்க."

அவர் சிரித்துக்கொண்டே நோட்டை வாங்கிப் புரட்டினார். என் கையெழுத்து இருந்த பக்கத்தில் நின்றார். "இது இன்னா?" என்றார். அக்கா தொட்டியையே பார்த்துக்கொண்டிருந்தார். என் பக்கம் திரும்பவில்லை.

"அந்த ரெண்டு வரியும் பொய். எழுதினது நான். இந்தப் பக்கத்தோட போட்டோவை அவங்க கிருஷ்ணகிரியில உக்காந்துக்கிட்டுப் பார்த்துக் கண்டுபிடிச்சாங்க. இல்லன்னா முப்பத்தேழும் இருந்திருக்காது" என்றேன். சொல்லும்போது கூசும் என்று நினைத்திருந்தேன். கூசவில்லை. அவரைப் பற்றி யாரிடமாவது சொல்லக் கிடைத்தது என்றுதான் இருந்தது.

கடைக்காரர் நோட்டை இரண்டு கையாலும் திருப்பிக் கொடுத்தார்.

நாலு மீன்களை மட்டும் கடைக்காரர் வேண்டாமென்று ஒதுக்கினார். அவற்றுக்கு நடுப்பட்டை பாதியிலேயே நின்றுபோயிருந்தது. அவர் போன பிறகு நாங்கள் இருவரும் அந்த நாலையும் பார்த்தபடி நின்றோம். இரண்டாம் ஷிஃப்டுக்குக் கிளம்ப வேண்டிய நேரம். அக்கா நோட்டில் எழுதினார்: "நடுப்பட்டை முழுமையில்லை: 4." அடுத்த கட்டம் காரணம்.

நாலு மாதமாக நான் மனதில் வைத்திருந்ததைச் சொன்னேன். "அன்னைக்குக் குளிர்ந்துச்சே, அதனாலதான்க்கா. என்னாலதான். எழுதுங்க."

"குளிர்னாலதான் நின்னுச்சுன்னு நீ பார்த்தியா?"

"இல்ல."

"நானும் பார்க்கல" என்று நோட்டை மூடினார். "நட, ஆட்டோ போயிடும்."